எழுபத்தொன்றில் வந்த ஆமென்

பத்தாயிரத்து ஒன்றின் மேல் எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை. இரண்டு ஓரத்திலும் ஒன்று, நடுவில் மூன்று சைபர். இரண்டு, மூன்று, ஐந்து, ஏழு எதற்கும் மசியாது. எதனாலும் வகுபடாத பகா எண் என்று யாரும் சத்தியம் செய்வார்கள். நான் செய்தேன்.

அப்போது கண்டோன்மென்ட்டில் ஒரு மிஷன் பள்ளியில் தற்காலிகக் கணக்கு வாத்தியார். புதன்கிழமை வரும் இன்ஸ்பெக்டர் திருப்தியானால் வேலை நிரந்தரம். அவரை அசத்தத்தான் இந்த எண்ணைப் பிடித்தேன். நூற்றுக்குக் கீழே இருபத்தைந்து பகா எண்கள். அவற்றில் ஒன்றும் மீதியின்றி வகுக்காவிட்டால் விஷயம் முடிந்தது.

வகுத்தலை ஞாயிறு பிரசங்கத்தின்போது பாட்டுப் புத்தகத்தின் பின்பக்கத்தில் வைத்துக்கொள்வது என் வழக்கம். போதகர் ஒரு வசனத்தை விட்டு நகர்வதற்குள் நான் இரண்டு எண்களைத் தாண்டிவிடுவேன். ஆனால் அன்று, சபையார் விளைச்சலைக் காணிக்கையாகக் கொண்டுவரும் அறுப்பின் பண்டிகை. வெளியே ஏலத்துக்குப் பூசணிக்காய்களும் ஒரு சேவலும் காத்திருந்தன. சேவல் கூவித் தொலைத்தது. போதகர் சட்டென்று ஆமென் சொல்லிவிட்டார். நான் எழுபத்தொன்றில் நின்றேன். இருபது எண்கள் தோற்றாயிற்று, மிச்சம் ஐந்து என்ன கிழித்துவிடும் என்று பென்சிலைப் பையில் போட்டேன்.

திங்களன்று கரும்பலகையில் எழுதி, வகுப்பு முழுவதையும் மனப்பாடம் செய்யவைத்தேன். செவ்வாய் மாலை வீட்டில் பெருமை பேசியபோது, முறுக்குப் பிழிந்துகொண்டிருந்த மனைவி நிமிர்ந்தாள்.

"எல்லாத்தயும் போட்டுப் பாத்தீங்களா?"

"எழுபத்தொண்ணு வரைக்கும்."

"ஏங்க, எழுபத்து மூணு என்ன பாவம் பண்ணுச்சு?"

வகுத்தேன். நூற்று முப்பத்தேழு முறை. மீதி ஒன்றுமில்லை.

மறுநாள் பலகையை அழிக்க ஓடினேன். இன்ஸ்பெக்டர் எனக்கு முன்பே வகுப்பில் இருந்தார். முதுகால் பலகையை மறைத்துக்கொண்டு, கோட்டாலேயே துடைக்கப் பார்த்தேன். ஒரு சைபர்தான் போயிற்று.

"பின்னால என்ன?" என்றார்.

"பத்தாயிரத்து ஒண்ணு பகா எண், சார்!" என்றது வகுப்பு, ஒரே குரலில்.

"வெரி குட். பகா எண்ணேதான்" என்று பேனாவைத் திறந்தார்.

வாயை மூடிக்கொண்டிருந்தால் வேலை கைக்கு வந்திருக்கும். ஆனால் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நானாவது இருபது எண்களோடு மல்லுக்கட்டினேன். இந்த மனிதர் மூன்றைக்கூடப் போட்டுப் பார்க்கவில்லையே!

"எப்படி சார் ஆமாங்கறீங்க? எழுபத்து மூணைப் போடுங்க சார்!"

போட்டார். வெகுநேரம் போட்டார். பிறகு கேட்டார்: "இதை எழுதினது யாரு?"

"நான்தான், சார்."

இன்னும் ஓராண்டு தற்காலிகம் என்று எழுதிவிட்டுப் போனார்.

அடுத்த அறுப்பின் பண்டிகைக்குப் பத்தாயிரத்து ஏழு என்ற எண்ணை எடுத்துப் போயிருந்தேன். சேவல் கூவியது, ஆமென் வந்தது, சபை எழுந்தது. மனைவி முழங்கையால் இடித்தாள்.

"எழுந்திருங்க, எல்லாரும் பாக்கறாங்க."

"பாக்கட்டும். இன்னும் நாலு எண் இருக்கு."