கலியாண வீட்டில் கிற்றார்

கப்பலில் வேலை செய்த அண்ணா, என் கலியாணத்தில் வாசிக்கவென்று அமெரிக்க எலெக்ட்ரிக் கிற்றார் ஒன்றோடு முரசுமோட்டைக்கு வந்திருந்தார். மாப்பிள்ளை வீட்டார் வாய்க்கால் வரம்பில் வந்துகொண்டிருந்த நேரம் பார்த்து, கிற்றாரை ஒலிபெருக்கியில் பூட்டுவதற்காகப் பாட்டை நிறுத்திவிட்டார். எங்கள் பக்கத்தில் கலியாண வீட்டுப் பாட்டு இடையில் நின்றால், சாவு விழுந்துவிட்டது என்றுதான் அர்த்தம்.

"பாட்டைப் போடண்ணா!" மணப்பெண் என்பதையும் மறந்து கத்தினேன்.

"பொறு, இந்த வயர் மட்டுந்தான்."

வரம்பில் கேட்ட மேளமும் நின்றுபோனது. அண்ணாவைக் கொல்லலாம் போலிருந்தது எனக்கு.

மாப்பிள்ளையின் தாயார் படலையைத் தள்ளிக்கொண்டு தனியே ஓடிவந்து, என் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துப் பார்த்தார்.

"நீ இருக்கிறாய்தானே, பிள்ளை?"

பெண் பார்க்க வந்தபோது எனக்கு நிறம் காணாது என்றவர் அவர். ஒலிபெருக்கியில் கிற்றார் அலறத் தொடங்கிய பிறகும் அவர் கையை எடுக்கவில்லை.