ஆடும் பலகையின் மேல் ஒரு சைக்கிள்

பிப்ரவரி 3. ஒட்டுப்பலகை இரண்டு. 3,150.
பிப்ரவரி 3. பேரிங் இரண்டு. 880.
பிப்ரவரி 5. டென்னிஸ் பந்து ஆறு. 540.
பிப்ரவரி 11. போல்ட், நட்டு, வாஷர். 165.
பிப்ரவரி 26. டென்னிஸ் பந்து, இன்னும் நான்கு. 360.
ஆக மொத்தம் 5,095.

காப்பீட்டு அலுவலகம் கேட்டதால் இந்தக் கணக்கை எழுதிக் கொடுத்தேன். இடுப்பு முடியவில்லை என்று மாதாமாதம் உதவித்தொகை வாங்கும் ஒருத்திக்குப் பத்து டென்னிஸ் பந்து எதற்கு என்பது அவர்கள் கேள்வி. கேள்வியில் தப்பில்லை.

அந்த ஒருத்தி என் மருமகள். வீடு வீடாகச் சைக்கிளில் பார்சல் கொண்டுபோய்க் கொடுக்கும் வேலை, பன்னிரண்டு வருடம் பார்த்தாள். கிடங்கில் அவளுக்குப் பம்பரம் என்று பெயர் வைத்திருந்தார்கள். மழை வந்தால் ஒதுங்க மாட்டாள். காய்ச்சல் வந்தால் யாருக்கும் தெரியாது. பிரசவ வலி எடுத்த அன்று காலையில்கூட என்னிடம், "வயிறு கொஞ்சம் சரியில்ல மாமா, காப்பி வேண்டாம்" என்றுதான் சொன்னாள்.

போன வருடம் அக்டோபரில், நின்றுகொண்டிருந்த லாரியின் கதவை யாரோ பார்க்காமல் திறந்தார்கள். அவள் அதில் மோதி விழுந்தாள். இடது இடுப்பெலும்பில் விரிசல். மூன்று மாதம் படுக்கை. வேலையில் பட்ட அடி என்பதால் உதவித்தொகை கிடைத்தது. வீட்டு வாடகைக்கு அதுதான். அது நின்றுபோனால் அவள் மறுபடி சைக்கிளில் பார்சல் ஏற்றியாக வேண்டும், இல்லையென்றால் வேலையை விட்டுவிடுவதாக எழுதிக் கொடுத்துவிட்டு வர வேண்டும்.

எலும்பு கூடிய பிறகு, காலை அசைக்காவிட்டால் இடுப்பு இறுகிவிடும், வீட்டுக்குள்ளேயே சைக்கிள் மிதிக்கலாம், தெருவில் மட்டும் இறங்கக் கூடாது என்றார் மருத்துவர். என் மகன் குளிர்சாதனப் பெட்டி பழுது பார்க்கிறவன். பின் சக்கரத்தைப் பூட்டி வைக்கும் இரும்பு ஸ்டாண்டு ஒன்றை எங்கோ பழையதாகப் பிடித்துக்கொண்டு வந்தான். முன்னறை ஜன்னலோரம் அதில் அவளுடைய சைக்கிளை மாட்டினான். அவள் ஏறிப் பத்து நிமிடத்தில் இறங்கிவிட்டாள். சுவரைப் பிடித்துக்கொண்டு சமையலறைக்குப் போனாள்.

இப்படி நாலு நாள். ஐந்தாம் நாள் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ரோட்ல மிதிக்கும்போது வண்டி நம்மகூட ஆடும் மாமா. ஒவ்வொரு மிதிக்கும் இப்படிக் கொஞ்சம், அப்படிக் கொஞ்சம். இது பிடிச்சு வெச்ச மாதிரி நிக்குது. வண்டி அசையலன்னா என் இடுப்புதானே அசையணும்?"

"அப்போ ஸ்டாண்டையே ஆட வெச்சிட்டா போச்சு" என்றான் மகன்.

தரையில் ஒரு பலகை. அதற்கு மேல் இன்னொரு பலகை. இரண்டுக்கும் நடுவில் நீளவாக்கில் ஒரு கம்பி, கம்பியின் இரு முனையிலும் பேரிங். மேல் பலகை வலமும் இடமும் சாயும், முன்னும் பின்னும் போகாது. ஒரேயடியாகக் கவிழ்ந்துவிடாமல் இருக்க இரண்டு ஓரங்களிலும் பந்துகள். சாயும்போது பந்து நசுங்கும், பிறகு தள்ளிவிடும். முதல் தடவை ஆறு பந்து போதவில்லை. அவள் சைக்கிளோடு போய் அலமாரியில் சாய்ந்தாள்.

"சைக்கிள் கேட்டா ஊஞ்சல் கட்டிக் குடுத்திருக்கே!"

"சும்மா இரு, இன்னும் நாலு பந்து வாங்கறேன்."

பத்துப் பந்து போட்டபின் அது சரியாக வந்தது. ஏறி இறங்கும்போது பலகை ஆடாமலிருக்க இரண்டு மர ஆப்பும் செய்து வைத்தான். மார்ச் மாதம் முழுக்க அவள் தினமும் நாற்பது நிமிடம் மிதித்தாள். முகத்தில் பழைய களை வந்தது.

ஏப்ரலில் வந்தது வினை. காப்பீட்டு அலுவலகத்துக்கு யாரோ மொட்டைக் கடிதம் போட்டுவிட்டார்கள். விவரம் கேட்கப் போன மகனிடம் அங்கிருந்த எழுத்தர் அதை வாசித்தே காட்டினாராம்: 'இடுப்பு ஒடிந்தது என்று பணம் வாங்குகிறவர், ஆடுகிற பலகை மேல் தினமும் பந்தயம் ஓட்டுகிறார்.'

தெருவிலிருந்து பார்த்தால் ஜன்னலில் அவள் தலை மட்டும்தான் தெரியும். நானே இறங்கிப் போய் நின்று பார்த்தேன். பலகை ஆடுவது தெரிய வேண்டுமானால் அறைக்குள் வந்திருக்க வேண்டும். வந்தவர்கள் இரண்டே பேர். கீழ் வீட்டுத் தையல்காரம்மா, மெத்தை உறைக்கு அளவெடுக்க வந்தவர். இன்னொருவன் கிடங்கில் இப்போது அவளுடைய தெருக்களைச் சுற்றுகிற பையன், பழம் வாங்கிக்கொண்டு பார்க்க வந்தவன்.

"அவன்தான்" என்றான் மகன். "இவ திரும்பி வந்தா அந்த ஏரியா அவன் கையை விட்டுப் போயிடும்ல?"

"அப்படின்னா என்னைத் திரும்பி வரவெக்கற மாதிரி அவன் ஏன் எழுதணும்?" என்றாள் அவள்.

அதுவும் சரிதான். எனக்கோ தையல்காரம்மா மேல்தான் சந்தேகம். பலகை ஆடும்போது கீழே சத்தம் கேட்கிறது என்று ஒருமுறை சொல்லியிருந்தார். சொன்னவர் சிரித்துக்கொண்டே சொன்னார். அந்தச் சிரிப்பைத்தான் நான் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்த்தேன்.

ஜன்னலுக்குத் திரை போட்டோம். போட்ட மறுநாளே மாடிப்படியில் தையல்காரம்மா மடக்கினார்.

"என்னங்க, பட்டப்பகல்ல திரை? உள்ளே என்ன ரகசியம்?"

"வெயில்" என்றேன்.

"அந்தப் பக்கம் வெயிலே வராதே!"

மே மாதம் ஆறாம் தேதி மருத்துவ அதிகாரி வீட்டுக்கே வந்தார். நாற்பது வயதிருக்கும். கூட ஒரு உதவியாளர். அதிகாரி குனிந்து பலகையைக் கையால் அழுத்திப் பார்த்தார். பந்துகளை எண்ணினார்.

"சாதாரண ஸ்டாண்டுல முடியாது, இதுல மட்டும் முடியும். அப்படித்தானே?"

"ஆமாங்க" என்றாள் அவள்.

"இதை அசையாம நிறுத்த முடியுமா?"

மகன் ஆப்புகளைச் செருகினான். பலகை கல் மாதிரி நின்றது. "ஏறி மிதிங்க. எப்போ வலிக்குதோ அப்போ நிறுத்துங்க" என்றார் அதிகாரி. பிறகு உதவியாளர் பக்கம் திரும்பி, மெதுவாகச் சொல்வதாக நினைத்துக்கொண்டு, "எப்படியும் அஞ்சு நிமிஷத்துல நடிப்பு ஆரம்பிச்சிடும் பாரு" என்றார்.

அவள் காதில் அது விழுந்தது. கழுத்து நரம்பு எழும்பியதைப் பார்த்தேன்.

ஐந்து நிமிடம் ஆனது. பத்தும் ஆனது. அவள் நிறுத்தவில்லை. பதினைந்தில் மகன், "போதும், இறங்கு" என்றான். அவள் அவன் பக்கம் திரும்பவே இல்லை. கைப்பிடியில் விரல்கள் வெளுத்துப்போயின. அரை மணி முழுக்க மிதித்து முடித்து இறங்கி, "காப்பி சாப்பிடறீங்களா?" என்று அதிகாரியைக் கேட்டாள்.

அவர் காப்பி சாப்பிடவில்லை. முப்பது நிமிடம் தடையின்றி மிதித்தார் என்று எழுதிக்கொண்டு போனார்.

அன்று சாயங்காலம் அவளைக் கழிவறைக்கு நாங்கள் இருவரும் தாங்கித்தான் கூட்டிப்போனோம். நாலு நாள் எழுந்திருக்கவில்லை.

"ஏன்டி இப்படிப் பண்ணே?" என்று கேட்டான் மகன்.

"நடிப்புன்னு சொன்னார். எனக்கு நடிக்கத் தெரியாதுன்னு காட்டினேன்."

"அந்த அரை மணி நேரம்தான்டி நீ நடிச்சதே!"

மே 20ஆம் தேதி உதவித்தொகை நிறுத்தப்பட்டதாகக் கடிதம் வந்தது. மேல்முறையீடு செய்யலாம், ஆனால் சம்பந்தப்பட்டவரே தன் கைப்பட எழுத வேண்டும் என்றிருந்தது. அவள் இரண்டு பக்கம் எழுதினாள். பேரிங், பந்து, கம்பி, எல்லாம் அதில் இருந்தன. மகன் வாசித்துவிட்டுக் கீழே வைத்தான்.

"பலகைக்கா உதவித்தொகை கேக்கறே?"

"வேற என்ன எழுதணும்?"

"வலிச்சுதுன்னு எழுது."

"எழுதினா நம்பிடுவாங்களா?"

"எழுதாமலே நம்பணுமா?"

இரண்டு நாள் பேனாவைத் தொடவில்லை. மூன்றாம் நாள் நாலே வரி எழுதினாள். பத்தாவது நிமிடத்திலிருந்து வலித்தது, நடிப்பு என்று சொன்னதால் நிறுத்தவில்லை, நாலு நாள் படுத்திருந்தேன், மறுபடி பரிசோதிக்க வேண்டும்.

ஜூன் மாத இறுதியில் வேறொரு மருத்துவர் வந்தார். வயதான அம்மா. அவரும் ஆப்பைச் செருகச் சொன்னார். அவள் மிதித்தாள். ஒன்பதாவது நிமிடத்தில் காலை நிறுத்தினாள்.

"வலிக்குது" என்றாள்.

அவள் வாயிலிருந்து அந்தச் சொல்லை நான் கேட்டது அதுவே முதல் தடவை. அதனாலேயே எனக்கு அது பழகாத குரலாகப் பட்டது. முன்பு பத்தாவது நிமிடம் என்று எழுதியவள் இப்போது ஒன்பதில் ஏன் நிறுத்தினாள்? உண்மையிலேயே வலிக்கிறதா, வலிக்கும் என்று தெரிந்து முன்கூட்டியே நிறுத்திவிட்டாளா? மகனைப் பார்த்தேன். அவன் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான். இரண்டு பேரும் சட்டென்று வேறு பக்கம் திரும்பினோம். அந்த அம்மா மட்டும் எதுவும் கேட்காமல் அவள் இடுப்பில் கை வைத்து அழுத்தினார். அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

மருத்துவர் போனபின் அவள் தண்ணீர் குடித்துக்கொண்டே சொன்னாள்:

"நீங்களும் நம்பலதானே மாமா?"

"அப்படியெல்லாம் இல்லம்மா."

"பரவாயில்ல. அரை மணி மிதிச்சா திருடி, ஒன்பது நிமிஷத்துல நிறுத்தினாலும் திருடி. அதுக்கு வலியாவது இல்லாம இருக்கட்டும்."

அவள் ஆப்புகளை உருவிவிட்டு மறுபடி ஏறினாள். மேல் பலகை ஒரு பக்கம் சாய்ந்து, எழுந்து, மறுபக்கம் சாய்ந்தது.

உதவித்தொகையை நிறுத்திய மாதத்திலிருந்தே திரும்பத் தருகிறோம், ஆனால் ஆண்டுக்கொரு முறை, முன்னறிவிப்பின்றி, பலகையை அசையாமல் நிறுத்திவைத்துப் பரிசோதிப்போம் என்று அவர்களுடைய கடைசிக் கடிதம் சொன்னது. அது வந்த தேதி ஜூலை 17.