ஜன்னல் சீட்டு

பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவருக்கு ஒரு கண் சாலையில் இருந்தால், இன்னொரு கண் தலைக்கு மேலே தொங்கும் கண்ணாடியில் இருக்க வேண்டும். அந்தக் கண்ணாடியில் பிள்ளைகளின் முகம் தெரியும், பேச்சு கேட்காது. இஞ்சின் இரைச்சல் அதை விழுங்கிவிடும்.

டிரைவரின் மகள் அதே பஸ்ஸில் வருவாள், மூன்றாவது வரிசையில். ஒன்பதாம் வகுப்பு. மூளை வளர்ச்சி கொஞ்சம் பின்தங்கிய பெண். அவள் பிறந்தபோது உறவுக்காரர்கள் வரிசையாக வந்து, ‘போன ஜென்மத்துப் பாவம்’ என்றார்கள். "பாவமும் இல்ல, புண்ணியமும் இல்ல. டாக்டர் லேட்டா வந்தாரு, அவ்வளவுதான்" என்று அவர் சொன்னதற்கு மைத்துனர் இன்றுவரை முகம் கொடுத்துப் பேசுவதில்லை. நாலு பள்ளிகள் அவளைச் சேர்க்காமல் கைவிரித்தன. கடைசியில் அவர் நெடுந்தூர லாரியை விட்டுவிட்டு இந்தப் பள்ளியில் டிரைவராகச் சேர்ந்தார். ஊழியரின் பிள்ளை என்று இடம் கிடைத்தது. சேர்க்கச் சட்டம் இருக்கிறது. சேர்ந்தவளிடம் நாலு வார்த்தை பேசு என்று சொல்லத்தான் எந்தச் சட்டமும் இல்லை.

அந்தக் குறையைத் தீர்க்கத் தலைமையாசிரியை ஒரு திட்டம் கொண்டுவந்தார். அதன் பெயர் துணைத் தோழி. நல்ல மார்க், நல்ல நடத்தை உள்ள பெண்கள் முறை வைத்து மஞ்சள் பேட்ஜ் குத்திக்கொண்டு அவளோடு இருப்பார்கள். கையைப் பிடித்து கேன்டீனுக்குக் கூட்டிப்போவார்கள், அவளே திறந்துகொள்ளும் தண்ணீர் பாட்டிலைத் திறந்து கொடுப்பார்கள், மூன்று வயதுக் குழந்தையிடம் பேசுவதுபோலக் குழைவார்கள். கடைசி மணி அடித்ததும் பேட்ஜோடு சிரிப்பையும் கழற்றிக் கொடுத்துவிட்டுப் போவார்கள்.

பஸ்ஸில் பேட்ஜ் கிடையாது. அங்கே அவள் பக்கத்தில் வந்து உட்காருவது வேறொருத்தி. நோஞ்சான் உடம்பு, ஒரு வகுப்பில் இரண்டு தரம் உட்கார்ந்தவள், ஆசிரியர்கள் வைத்த பெயர் வாயாடி. ஏறியதும் டிரைவரின் மகளை இடித்துத் தள்ளுவாள், பின்னலைப் பிடித்து இழுப்பாள், ஜன்னல் சீட்டைப் பிடுங்கிக்கொள்வாள். டிரைவர் அதையெல்லாம் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே ஓட்டுவார். ஒருநாள் அவள் இவளுடைய பையைப் பிடுங்கிப் பின்சீட்டில் எறிந்தாள். மகளின் முகம் சிவந்து, வாய் கோணிக்கொண்டு போனது. அவர் அன்று மாலையே தலைமையாசிரியை அறைக்குப் போய்விட்டார்.

தலைமையாசிரியைக்குச் சந்தோஷம். திட்டம் பஸ்ஸுக்கும் நீண்டது. வாயாடிக்குக் கடைசி வரிசை. வகுப்பில் எல்லார் முன்னாலும் அவளை நிற்கவைத்து மன்னிப்புக் கேட்கச் சொன்னார்கள். அவள் கேட்டபோது டிரைவரின் மகள் மட்டும் விழுந்து விழுந்து சிரித்தாளாம், புது விளையாட்டு என்று நினைத்துக்கொண்டு.

அதற்கப்புறம் கண்ணாடியில் அமைதி. மகள் ஜன்னலோரம், பக்கத்தில் மஞ்சள் பேட்ஜ், பேட்ஜின் பார்வை மடியில் இருக்கும் செல்போனில். டிரைவருக்கு நிம்மதியாக இருந்தது. பள்ளி நிர்வாகம் அந்த இருவரையும் படமெடுத்து, "யாரையும் விலக்கமாட்டோம்" என்று கொட்டை எழுத்தில் போட்டு பஸ்ஸின் முதுகில் ஒட்டியது. ஊரெல்லாம் அதைச் சுமந்துகொண்டு ஓட்டினார்.

வீட்டில் மகள் காலையில் ஷூ போட மறுக்க ஆரம்பித்தாள். அம்மா கெஞ்சினாள், மிரட்டினாள், ஒன்றும் பலிக்கவில்லை. ஒரு சாயங்காலம் தானாகச் சொன்னாள்.

"அவ என்கூட சண்டை போட மாட்டேங்கிறாப்பா."

"யாரும்மா?"

"எலிக்குஞ்சு. நான் அவளை எலிக்குஞ்சும்பேன். அவ என்னைத் தடிமாடும்பா. ஒரு நாள் ஜன்னல் அவளுக்கு, ஒரு நாள் எனக்கு. சண்டை போட்டுத்தான் உக்காரணும். அதான் ரூல்."

மறுநாள் வாயாடியின் நிறுத்தம் வந்ததும் இறங்கப்போனவளை நிறுத்தி, இனிமேல் பழையபடி முன்னால் வந்து உட்காரும்மா என்றார்.

"அவ பக்கத்துல போனா டிசியைக் கிழிச்சுக் கையில குடுத்துருவேன்னு சொல்லிட்டாங்க அங்கிள். போட்டுக் குடுத்தது நீங்கதானே?"

"பையைத் தூக்கி எறிஞ்சே. அவ அழுதாளேம்மா."

அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "அழலை. சிரிச்சா. ரொம்பச் சிரிச்சா அவளுக்கு வாய் அப்படித்தான் கோணும். உங்களுக்குத் தெரியாதா?"

தெரியாது. அவ்வளவு சிரிப்பை அந்த வீட்டில் யாரும் அவளிடம் வரவழைத்ததில்லை. கண்ணே பொன்னே என்று பார்த்துக்கொண்டார்கள். தடிமாடு என்று கூப்பிட ஒரு ஆள் வேண்டுமென்று யாருக்கும் தோன்றவில்லை.

தலைமையாசிரியையிடம் மறுபடி போய், அது என் தப்பு மேடம், நான் பார்த்தது தப்பு என்றார். அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். மேலிடத்திலிருந்து திட்டத்தைப் பார்வையிட வருகிறார்கள், இந்த நேரத்தில் நடத்தை சரியில்லாத பெண்ணைக் கொண்டுவந்து பக்கத்தில் உட்காரவைத்தால் நன்றாகவா இருக்கும் என்றார்.

"உங்க பொண்ணு நல்லதுக்குத்தான் சொல்றோம். எல்லாரும் எவ்வளவு அன்பா இருக்காங்க, பாருங்க."

"அன்பா இருக்காங்க மேடம். யாரும் கூட இல்ல."

இது வேலைக்கு ஆபத்தான பேச்சு என்பது தலைமையாசிரியையின் முகத்திலேயே தெரிந்தது. டிரைவருக்கும் தெரிந்தது. வேலை போனால் மகளின் இடமும் போகும். கும்பிட்டுவிட்டு வெளியே வந்தார்.

இப்போது மகள் ஜன்னலோரம் உட்காருவதில்லை. நடைவழிப் பக்கம் உட்கார்ந்துகொண்டு, ஜன்னல் சீட்டில் தன் பையை வைத்துக் காவல் காக்கிறாள். மஞ்சள் பேட்ஜ் பெண்ணுக்கு அதுவும் வசதிதான், எதிர்ப்பக்கம் போய் உட்கார்ந்து போனை நோண்டுகிறாள். வாயாடியின் நிறுத்தத்தில் கதவு திறக்கும். மகள் அவசரமாகப் பையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, இடி வாங்கத் தோளைத் தயாராக்கிக்கொள்வாள்.

வாயாடி தலையைக் குனிந்துகொண்டு அவளைத் தாண்டிக் கடைசி வரிசைக்குப் போவாள். டிரைவர் கதவைச் சாத்திவிட்டுக் கண்ணாடியைப் பார்ப்பார். அங்கே பை திரும்பவும் ஜன்னல் சீட்டுக்குப் போய்க்கொண்டிருக்கும்.