என் ஹோலில் நடந்த குப்பி

இப்ப நினைச்சாலும் எனக்கு ஆத்திரம் அடங்குதில்லை.

பேராதனைப் பக்கம் என் வீட்டு மேல்மாடியில் இஞ்சினியரிங் படிக்கிற பொம்பளப் பிள்ளைகள் வாடகைக்கு இருக்காங்க. சோதனை நெருங்கினா கூடப் படிக்கிற பையன்களும் வர, கீழே ஹோலில் குப்பி நடக்கும். பாடம் தெரிஞ்ச ஒருத்தர் மற்றவங்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறதுக்கு அப்படிப் பேர். நல்ல விஷயம்தானே என்று கதிரைகளை ஒதுக்கிப் பாய் விரிச்சுக் கொடுத்தேன்.

நாவலப்பிட்டிப் பிள்ளை ஒருத்தி ஒரு பாடத்தில் திரும்பத் திரும்பப் பெயில். இந்தத் தரமும் போனா படிப்பை விட்டுட்டு ஊருக்கே போயிடுவேன், எனக்கு மண்டையில ஒண்ணுமில்ல என்பாள். என் வீட்டில் இருந்துகொண்டு இப்படி ஒரு பேச்சு!

நான் எழுத்துக்கூட்டி வாசிக்கிறவள். ஆனால் கண் இருக்கே. யாழ்ப்பாணத்து சீனியர் பையன் பலகையில் மளமளவென்று எழுதிவிட்டு, விளங்குதோ என்பான். எல்லாத் தலையும் ஆடும். அவள் தலைதான் முதலில் ஆடும். அப்புறம் கேட்டால் ஒன்றுமே விளங்கவில்லையாம். கேள்வி கேட்டா ரிப்பீட்காரி என்று சிரிப்பாங்களாம்.

"பொய்க்குத் தலையாட்ட நான் பாய் விரிக்கல்ல. இனி இங்க குப்பி கிடையாது," என்றேன்.

அடுத்த கிழமை எல்லாருமாய் வந்து கெஞ்சினதால் விட்டேன். குசினி வாசலிலேயே நின்றேன். அன்றைக்குப் பாலத்துக் கணக்கு. அவன் வழக்கம்போல விளங்குதோ என்றான். அவள் தலை ஆடவில்லை.

"இல்ல அண்ணே. அந்த இடத்துல ஏன் மைனஸ் வருது?"

பின்னால் யாரோ சிரிச்சது கேட்டது.

"அது அப்பிடித்தான் வரும். பழைய சோதனைப் பேப்பரில அப்பிடித்தான் கிடக்கு."

"ஏன்னுதான் கேக்குறேன்."

 பையன் மெதுவாய், "எனக்கும் தெரியாது. பாடமாக்கித்தான் எழுதினனான்," என்றான்.

அந்தப் பாடத்தில் ஏ எடுத்த பிள்ளை! நாளைக்கு இவன் கட்டுற பாலத்தில் நாங்கதானே பஸ்ஸில் போகணும்? சிரிச்சவனுக்கும் தெரியாதாம். ஒருத்தருக்கும் தெரியாததுக்குத்தான் இத்தனை நாள் அத்தனை தலையும் ஆடியிருக்கு. பலகையை அழிச்சுவிட்டு முதலிலிருந்து தொடங்கினார்கள். பொழுதுபடும் வரைக்கும் அந்த ஒரு கணக்குத்தான்.

அவள் பாஸ். வெறும் சி தான், ஆனாலும் ஊருக்குப் போகவில்லை. இப்ப ஜூனியர் பிள்ளைகளுக்கு அவளே குப்பி எடுக்கிறாள். விளங்குதா என்று கேட்கிறதே இல்லை. எழுந்து நீ சொல்லு பார்ப்போம் என்கிறாள். சிலது முழிக்குது.

முழிக்கட்டும்.