மஞ்சள் சட்டையில் ஓடியவர்

எடப்பாடியில் எங்கள் தறிப்பட்டறைக்கு எதிரே ஒரு டீக்கடை. பெருநோயில் விரல் போன கிழவர் ஒருவர் அங்கே வருவார். கடைக்காரர் அவருக்கு மட்டும் கொட்டாங்குச்சியில் டீ ஊற்றித் தள்ளி வைப்பார். ஒருநாள் எங்களோடு தறி ஓட்டும் சென்றாயன் அண்ணன், "எனக்கும் கொட்டாங்குச்சியிலயே ஊத்துங்க. கிளாஸு கையைச் சுடுது" என்றார். வாங்கிக்கொண்டு போய்க் கிழவர் பக்கத்தில் குந்தினார். உங்கள் ஊரில் மழை உண்டா என்று கேட்டபடி குடித்தார். நாங்கள் சிரித்தோம். தறி ஓட்டுகிற கைக்கு டீ சுடுகிறதாம்!

அவர் சம்சாரம் மாரியாயிக்கும் அதே நோய் என்பது அப்போது எங்களுக்குத் தெரியாது. தாய்வீட்டுக்குப் போயிருக்கிறாள் என்றே சொல்லி வந்தார். உண்மையில் சேலத்துக்கு அந்தப் பக்கம் ஒரு தொழுநோய் இல்லத்தில் சேர்த்திருந்தார். ஞாயிறு தவறாமல் பஸ் ஏறிப் போவார். அங்கே சாயங்காலம் மணி அடித்தால் பார்க்க வந்தவர்கள் எழுந்துவிட வேண்டும். தங்க இடம் கிடையாது.

"மணி அடிக்கிறப்பத்தான் தம்பி அவளுக்குப் பேச்சே வரும்" என்று பிற்பாடு என்னிடம் சொன்னார். "ஒரே ஒரு ராத்திரி அவகூட இருக்கோணும். சாவகாசமா அவ பேசி நான் கேக்கோணும். வேற ஒண்ணும் வேண்டாம்."

முருகன் காதில் அது விழுந்ததோ என்னவோ, எண்பத்து மூன்றில் அந்த இல்லத்தார் ஓர் ஏற்பாடு செய்தார்கள். சொந்தபந்தம் வந்தால் நோயாளியோடு தங்க ஓர் அறை கட்டுவது. அதற்கு எடப்பாடியிலிருந்து இல்லம் வரை ஒருவர் ஓடுவது, வழியிலுள்ள ஊர்களில் ஜனங்கள் முடிந்ததைக் கொடுப்பது. அண்ணனுடையது வருஷா வருஷம் பழனிக்குக் காவடி தூக்கி நடந்த கால். "நான் ஓடறேனுங்க" என்று எழுந்தார்.

வெள்ளைச் சட்டை ஒன்றை இல்லத்தில் கொடுத்தார்கள். நெஞ்சில் ஊதா மையால் விவரம் எழுதியிருந்தது. அண்ணன் அதை முதல்நாளே மஞ்சள் தண்ணீரில் முக்கிக் காயப்போட்டுவிட்டார். "புதுத்துணியை வெறும் வெள்ளையா போட்டுட்டு நல்ல காரியத்துக்குப் போவாங்களா?" என்றார். எனக்கும் அது சரியென்றே பட்டது. எழுத்து மட்டும் மஞ்சளில் கரைந்து போயிருந்தது.

அது தை மாதம். பழனிக்குக் காவடி புறப்படுகிற நேரம். வெறுங்கால், மஞ்சள் சட்டை, இடுப்பில் காசு வாங்க மஞ்சள் பை. பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்? கொங்கணாபுரத்தில் பெண்கள் குடத்தோடு நின்றார்கள். "அரோகரா!" என்று அவர் காலில் தண்ணீர் ஊற்றி, பையில் காசு போட்டார்கள். "முருகனுக்குச் சேத்திருங்க சாமி" என்றாள் ஒருத்தி.

"இது... நோய்க்காரங்களுக்குங்க" என்றார் மூச்சிரைக்க. பின்னால் சைக்கிளில் வந்த நானும் கத்திச் சொன்னேன்.

"நோய் தீரத்தானுங்களே எல்லாரும் வேண்டிக்கறது" என்று இன்னொரு காசு போட்டாள் அவள்.

காகாபாளையத்துக்கு இப்பால் மாட்டுவண்டிக்காரர் ஒருவர், "ஏனுங்க, பழனி அந்தப் பக்கமுங்க! சேலத்துக்கு எதுக்கு ஓடறீங்க?" என்றார். அண்ணனுக்குச் சிரிக்கவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. பை கனத்து அவர் இடுப்பில் இடித்துக்கொண்டே வந்தது.

பொழுது சாய இல்லத்து வாசலில் மாரியாயி நின்றிருந்தார். முக்காட்டை விலக்கி, வருகிறவரையே பார்த்துக்கொண்டிருந்தார். இல்லத்தை நடத்தும் பெரியம்மா பையை வாங்கக் கை நீட்டினார். அண்ணன் கொடுக்கவில்லை.

"இது முருகன் காசும்மா. எது அவருக்குப் போட்டது, எது நோய்க்குப் போட்டதுன்னு நான் எப்படிங்க பிரிக்கறது?"

"சாமி கோவிச்சுக்க மாட்டார் சென்றாயன். ஏழைக்குச் செய்தால் அவருக்குச் செய்த மாதிரிதானே?"

"அது நம்ம கையில இருக்கறதைக் கொடுக்கறப்பங்க. இது அவங்க கொடுத்தனுப்புனது. நான் நடுவால கொண்டுபோற ஆளுதானுங்களே?"

பெரியம்மா மாரியாயியைப் பார்த்தார். அண்ணனும் பார்த்தார். கொடுத்துவிடுங்கள் என்று மாரியாயி ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவர் கை தளர்ந்திருக்கும். அது எனக்கு நன்றாகத் தெரிந்தது.

"முருகன் காசுல கட்டுன ரூம்புல படுத்தா நமக்குத் தூக்கம் வருமுங்களா?" என்றார் மாரியாயி. "கொண்டுபோய்ச் சேத்திட்டு வாங்க. நான் எங்க போயரப் போறேன்?"

மணி அடித்தது. மாரியாயி ஏதோ பேச வாயெடுத்தார். அண்ணன் அவருடைய மரத்துப் போன கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு எழுந்து போகிற கூட்டத்தோடு வெளியே வந்தோம்.

அந்தத் தையிலேயே பையை அப்படியே பழனி உண்டியலில் சேர்த்தார். அடுத்த வருஷம் வெள்ளைச் சட்டையிலேயே ஓடினார். ஊருக்கு ஊர் நின்று, "பெருநோய்க்காரங்களுக்குங்க, என் சம்சாரமும் அங்கதான் இருக்கறா" என்று வாய்விட்டுச் சொன்னார். பாதிப்பேர் விருட்டென்று வீட்டுக்குள் போனார்கள். ஓரிடத்தில் ஒரு பெண் குடத்தைச் சாய்க்க வந்து, பேச்சைக் கேட்டதும் அதை ரோட்டோரம் வைத்துவிட்டு ஒதுங்கி நின்றாள். அண்ணன் தானே எடுத்துக் காலில் ஊற்றி, கும்பிட்டுவிட்டு ஓடினார். பை காற்றில் ஆடியது. ஆனாலும் விடவில்லை, அதற்கடுத்த வருஷமும் ஓடினார். எண்பத்தாறில் அறைக்கு ஓடு போட்டார்கள்.

ஒரு ராத்திரிக்கென்று போனவரை இல்லத்தார் தோட்டவேலைக்கு வைத்துக்கொண்டார்கள். அப்புறம் நானும் பிழைப்புக்காகத் திருச்செங்கோடு போய்விட்டேன். மறுவருஷம் காய்ச்சலில் அவர் காலமான சேதிதான் எனக்கு வந்தது. இப்போதும் தையில் மஞ்சள் வேட்டிக் கூட்டம் ரோட்டில் போனால், அதில் அவர் இருக்கிறாரா என்று கண் தேடுகிறது.

அவரைக் கடைசியாகப் பார்த்தது, அறை தயாரான வாரம் எடப்பாடி பஸ் ஸ்டாண்டில். புதுப் பாய் ஒன்றைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்திருந்தார்.

"ஏனுங்கண்ணா, அங்க பாய்கூடவா இல்ல?" என்றேன்.

படியில் கால் வைத்துக்கொண்டே திரும்பினார்.

"இருக்குது சாமி. வாரவங்களுக்குன்னு ஒத்தப் பாய்தான் போட்டிருக்காங்க. நாங்க ரெண்டு பேரு. வாரேன்."