இரைமீன்காரர் எழுதிய பலகை

செய்தி வந்தபோது காலை ஒன்பது இருபது. சுந்தரபாண்டியம் ரேஷன் கடை வரிசையில் மாரிக்கனி நின்றிருந்தாள். மூன்று தடவை வைத்தும் அவளுடைய கட்டைவிரல் ரேகை மெஷினில் விழவில்லை. வருஷக்கணக்காகத் தண்ணீருக்குள் கைவிட்டு மீன்குஞ்சு பொறுக்கித் தேய்ந்த விரல்.

"சேலையில நல்லாத் தொடச்சிட்டு வைங்கக்கா," என்றாள் கடைக்காரப் பெண்.

துடைத்துக்கொண்டிருக்கும்போதே போன் அடித்தது. ராஜபாளையத்தில் தூண்டில் சாமான் கடை வைத்திருக்கும் மதார் சாகிப். மாரிக்கனியின் கணவர் வேல்சாமிக்கு வியாபாரத்தில் பழக்கமாகி, பிறகு வீட்டு மனிதராகவே ஆகிவிட்டவர்.

"தங்கச்சி, எங்க இருக்கீய?"

"ரேஷன் கடையில அண்ணாச்சி."

"பக்கத்துல தெரிஞ்சவுக யாரும் இருக்காவளா?"

அந்தக் கேள்வியிலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது. போனைக் காதிலிருந்து எடுக்காமல், எதற்கென்று அவளுக்கே தெரியாமல், கட்டைவிரலை மறுபடியும் மெஷினில் வைத்தாள். இந்தத் தடவை ரேகை விழுந்தது.

வேல்சாமி ஆலடிக் கண்மாயின் மடைப் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தார். மதார் சாகிப் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு, "என்ன பட்டாளத்தாரே, காலையிலேயே தூக்கமா?" என்று கேட்டுக்கொண்டேதான் இறங்கிப் போனார். சுவரில் சாய்ந்திருந்தவர் திரும்பவில்லை. மணிக்கட்டில் சுற்றியிருந்த தூண்டில் கயிறு மட்டும் தண்ணீருக்குள் வெட்டி வெட்டி இழுத்துக்கொண்டிருந்தது. ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனபோது, உயிர் போய் ஒரு மணி நேரம் ஆகியிருக்கும் என்றார்கள்.

அவருக்கு வயது ஐம்பத்தெட்டு. பதினேழு வருஷம் ராணுவத்தில் லாரி ஓட்டியவர். ஊருக்குத் திரும்பி வந்தவர், மற்ற பட்டாளத்தாரைப் போல ஏ.டி.எம். வாசலில் காவலுக்கு நாற்காலி போட்டு உட்காரவில்லை. இரைமீன் பிடித்து விற்கத் தொடங்கினார். விரால் பிடிக்கிறவர்களுக்கு உயிருள்ள பொடி மீன் வேண்டும். முள்ளில் மாட்டிய பின்னும் அது துடித்துக்கொண்டிருந்தால்தான் பெரிய விரால் வந்து கவ்வும். மதுரையிலிருந்தும் சிவகாசியிலிருந்தும் ஞாயிற்றுக்கிழமைகளில் பைக்கில் தூண்டிலோடு வருகிறவர்கள் மதார் சாகிப் கடையில் நிற்பார்கள். ஆக்ஸிஜன் அடைத்த பாலிதீன் பைகளில் வேல்சாமியின் கெண்டைப் பொடிகள் அங்கே தொங்கும்.

"மீனைப் புடிக்கதுக்கு மீனை விக்கிற ஒரே ஆளு நம்ம பட்டாளத்தாருதான்," என்று டீக்கடையில் சிரிப்பார்கள். அவரும் சிரிப்பார். ஆனால் தொழிலில் சிரிப்பு கிடையாது. கண்மாயைக் குத்தகைக்கு எடுத்திருக்கும் மீன்பிடிச் சங்கத்திடம் முறையாக எழுதி வாங்கிய அனுமதிச் சீட்டைப் பிளாஸ்டிக் உறை போட்டுச் சட்டைப் பையில் வைத்திருப்பார். சங்கம் விட்ட கட்லா, ரோகு குஞ்சு வலையில் ஏறினால் அந்த இடத்திலேயே தண்ணீரில் விட்டுவிட வேண்டும். புதுத்தண்ணி வந்து மீன் சினை விடுகிற நாட்களில் வலையே இறக்கக் கூடாது. ஒரு கண்மாய்த் தண்ணீரை இன்னொரு கண்மாயில் ஊற்றக் கூடாது. ஊர்க் கண்மாயான ஆலடிக்குச் சிவப்பு டப், ராஜபாளையம் பக்கம் அவர் போய்ப் பிடிக்கும் புதுக்கண்மாய்க்கு நீல டப். மறந்தும் மாற்ற மாட்டார்.

அத்தனை ஜாக்கிரதைக்கும் காரணம் இருந்தது. புதுக்கண்மாயில் ஆப்பிரிக்கக் கெளுத்தி புகுந்திருந்தது. வளர்க்கவே கூடாது என்று அரசாங்கம் தடை செய்த மீன். எதையும் விட்டுவைக்காமல் தின்று தீர்ப்பது. அதன் குஞ்சுகள் கெண்டைப் பொடியோடு கலந்து நீல டப்பில் வரும். அவற்றைப் பொறுக்குவது மாரிக்கனியின் வேலை. வீட்டுக் கொல்லையை ஒட்டியே ஆலடிக் கண்மாயின் கரை. கொல்லையில் குத்தவைத்து, மீசை உள்ளதை எல்லாம் ஒரு பழைய பெயிண்ட் வாளியில் போடுவாள். கரையின் மறுபுறம் கருவேலங்காட்டில் குழி தோண்டி, வாளியை அதில் கவிழ்த்து மண்ணை மூடிவிட்டு வர வேண்டும். அது அவர் போட்ட விதி. நாலு வருஷம் அவள் அப்படித்தான் செய்தாள், மூடும்போது மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டு.

ஒரே ஒரு நாள் செய்யவில்லை.

அன்றைக்கு ஆடிப்பூரம். விடியக் கருக்கலில் பஸ் ஏறி ஸ்ரீவில்லிபுத்தூர் போய், ஆண்டாள் தேர் வடத்தைக் கூட்டத்தோடு கூட்டமாகப் பிடித்து இழுத்துவிட்டு மதியம் திரும்பியிருந்தாள். உள்ளங்கையில் வடம் உரசிய சிவப்பு போகவில்லை. சாயங்காலம் வாளியோடு கரையேறியவள் உள்ளே பார்த்தாள். இருபதோ முப்பதோ, விரல்கடை நீளம் கூட இல்லை, ஒன்றன்மேல் ஒன்று ஏறி வாயைத் திறந்து திறந்து மூடின. தேர் இழுத்த கையால் இன்றைக்கு உயிரோடு மண்ணைத் தள்ளுவதா என்று நினைத்தாள். காட்டுப் பக்கம் இறங்கவில்லை. கண்மாய்ப் பக்கம் இறங்கி வாளியைத் தண்ணீரில் சாய்த்தாள். அவை போனதைப் பார்த்தபோது அவளுக்கு மனசு நிறைந்திருந்தது. இதுதான் அவளால் பிற்பாடு தாங்க முடியாமல் போன விஷயம்.

மண் அப்பி வரும் வாளி அன்றைக்குக் கழுவியதுபோல் வந்தது. வேல்சாமி அதைக் கையில் வாங்கிப் பார்த்தார், பிறகு சுவரோரம் கவிழ்த்து வைத்தார்.

இரண்டாவது கோடையில் தண்ணீர் வற்றிச் சங்கத்தார் வலை இறக்கினார்கள். கட்லாவும் ரோகுவும் ஏற வேண்டிய வலையில் முழங்கை நீளத்துக்குக் கறுப்புக் கெளுத்திகள் புரண்டன. ஊரே கரையில் நின்றது. வெளித்தண்ணீர் மீன் கொண்டுவருகிற ஆள் ஒருவர்தான்.

"பார்டர்ல ஒரு பயலை உள்ள விடாத மனுசன், கம்மாய்க்குள்ள கெளுத்தியை விட்டுட்டாரேப்பா," என்றான் ஒருவன். சிரிப்பு கரை முழுக்க ஓடியது.

சங்கக் கூட்டத்தில் வேல்சாமி எழுந்து நின்றார். "டப்பு கழுவினதுல எங்கயோ தப்பு நடந்திருக்கு. என் பொறுப்புதான்." சட்டைப் பையிலிருந்த அனுமதிச் சீட்டைத் தலைவர் தங்கப்பாண்டியன் முன்னால் வைத்துவிட்டு வந்தார். அன்று ராத்திரி சாப்பாட்டுத் தட்டில் கை வைக்கவில்லை.

"நான் ஒண்ணு சொல்லணும்," என்றாள் மாரிக்கனி.

"நீ ஒண்ணும் சொல்ல வேண்டாம். நீ என்ன செய்வ?" என்று தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தார்.

நாலு பேர் முன்னால் அவர் ஒப்புக்கொண்ட பிறகு இவள் போய் வேறு ஒன்றைச் சொன்னால் அவர் பேச்சு என்ன ஆகும் என்று பயந்தாள். அந்தப் பயம் தணியட்டும் என்று ஒரு வாரம் தள்ளினாள். வாரம் மாதமானது.

அவரோ மறுநாளிலிருந்து கோழிக்குடலை முள்ளில் மாட்டிக்கொண்டு மடைப் படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டார். ஒவ்வொரு கெளுத்தியாகப் பிடித்து வெளியே போட்டால் கண்மாய் பழையபடி ஆகிவிடும் என்பது அவர் கணக்கு. சங்கமே வலை போட்டும் தீராதது ஒரு தூண்டிலுக்குத் தீருமா என்று மதார் சாகிப் கேட்டார். "தீருதோ இல்லையோ, நாம உக்காரணும்லா," என்றார் வேல்சாமி. வெயில், மழை, பனி, இரண்டு வருஷம். மகன் விமல் பட்டாளத்திலிருந்து லீவில் வந்தவன், "எப்பா, இது என்ன தண்டனையா?" என்று கத்தினான். அதற்கும் அவரிடம் சிரிப்புதான். கொல்லையில் நின்ற மாரிக்கனி அந்த 'தண்டனை' என்ற சொல்லைக் கேட்டுவிட்டு வீட்டுக்குள் போய் எதையோ தேடுவதுபோல் நின்றுகொண்டிருந்தாள்.

இந்த மாசி பிறந்ததும் சங்கம் மனம் இளகியது. வெளியூர்த் தூண்டில்காரர்கள் தெரிந்துகொள்ள விதிகளை எழுதிக் கரையில் ஒரு பலகை நட்டால் சீட்டைத் திருப்பித் தருவதாகத் தங்கப்பாண்டியன் சொல்லியனுப்பினார். வேல்சாமி தகரம் வாங்கி, மஞ்சள் அடித்துக் காயவைத்து, கறுப்பில் தானே எழுதினார். லாரி பின்பக்கம் எழுதிப் பழகிய எழுத்து, ஒவ்வொன்றும் அட்டென்ஷனில் நிற்கும்.

அவர் இறந்த அன்றைக்கு விடியற்காலை மூன்று விதிகள் முடிந்திருந்தன. காபி கொண்டுவந்தவளிடம் கேட்டார்.

"நாலாவதுதான் இடிக்குது. மிச்ச இரைமீனைக் கம்மாயில விடாதீங்கன்னு போட்டா ஒருத்தனும் கேக்க மாட்டான். புண்ணியம்னு நெனச்சுல்லா விடுதாவ. திட்டுத மாதிரி இருக்கக் கூடாது. படிச்சா மனசு ஏத்துக்கிடணும். எப்படி எழுதலாம், நீ சொல்லு."

"நானா? எட்டாப்பு படிச்சவகிட்டயா கேக்கீய?"

"நீ சொன்னாத்தான் சரியா வரும்."

அவர் பலகையைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னார். அவளை நிமிர்ந்து பார்க்கவில்லை. வாளி கழுவினதுபோல் வந்த சாயங்காலம் அவளுக்கு நினைவு வந்தது. இவருக்குத் தெரியுமோ? இன்றைக்குச் சொல்லிவிட வேண்டும் என்று முடிவு செய்துவிட்டாள். ஆனால் ரேஷன் கடை எட்டரைக்குத் திறந்துவிடும், இது நின்றுகொண்டே சொல்கிற விஷயம் இல்லை.

"சாயங்காலம் சொல்லுதேன்."

"சரி, இடம் போட்டு வைக்கேன்." நாலு என்று எண் எழுதி, பக்கத்தில் ஒரு புள்ளி வைத்தார். பிரஷ்ஷைக் கொட்டாங்கச்சி மண்ணெண்ணெயில் நிறுத்தினார். கோழிக்குடல் பொட்டலத்தோடு கரையேறிப் போனார்.

பதினாறு முடிந்து விமல் பணிக்குத் திரும்பிய பிறகு சங்கம் கூடியது. மதார் சாகிப் ஸ்கூட்டரில் அவளைக் கொண்டுபோய் விட்டு வாசலில் நின்றார். நடு நாற்காலியில் அவளை உட்கார வைத்தார்கள். தங்கப்பாண்டியன் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"அண்ணன் தெரியாம செஞ்ச தப்பு. ரெண்டு வருசம் அதுக்குப் பாடுபட்டுட்டாரு. மன்னிச்சுட்டோம்னு தீர்மானம் எழுதி, சீட்டை உங்க பேருக்கே தாரோம் மதினி."

"அவிய செய்யல," என்றாள் மாரிக்கனி.

"என்ன மதினி?"

"கெளுத்தியை விட்டது நான். ஆடிப்பூரத்தன்னைக்குப் பொதைக்கச் சொல்லித் தந்த வாளியை நான்தான் கம்மாயில ஊத்துனேன். அவியளுக்கு இதுல ஒண்ணும் இல்ல. அதை எழுதுங்க."

பின்வரிசையில் ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "இப்படி ஒரு பொஞ்சாதி கிடைக்க வேல்சாமி குடுத்து வச்சிருக்கணும்யா."

"நெசமாச் சொல்லுதேன்!"

"சரி மதினி, சரி." தங்கப்பாண்டியன் குரல் குழந்தையிடம் பேசுவதுபோல் இறங்கியது. "போனவரு மேல பழி நிக்கக் கூடாதுன்னு நீங்க தூக்கிச் சொமக்காதீய. அண்ணன் இதே இடத்துல நின்னு தன் வாயாலயே ஒத்துக்கிட்டவரு. பொய் சொல்லுத மனுசனா அவரு?"

தீர்மானப் புத்தகத்தில் 'வேல்சாமி அவர்களின் தவறு மன்னிக்கப்பட்டது' என்று எழுதி, எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள். அவளிடமும் புத்தகத்தை நீட்டினார்கள். அவள் வாங்கவில்லை. அழுகிறாள் என்று விட்டுவிட்டு, சீட்டை வாசலில் நின்ற மதார் சாகிப் கையில் கொடுத்தார்கள்.

திரும்பும்போது ஸ்கூட்டரின் பின்னாலிருந்து கேட்டாள். "அண்ணாச்சி, நீங்களாச்சும் நம்புதீயளா?"

மதார் சாகிப் வண்டியை ஓரங்கட்டினார். "நம்புதேன் தங்கச்சி. நீங்க பொய் சொல்ல மாட்டீய."

"அவியளுக்குத் தெரியுமா? உங்ககிட்ட எதும் சொல்லியிருக்காவளா?"

அவர் ஆறுதலாக ஒரு பொய் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. "இல்ல தங்கச்சி. அந்தப் பேச்சை எடுத்தாலே டப்பு கழுவினதைத்தான் சொல்லுவாரு."

வீட்டில் அனுமதிச் சீட்டு சாமி படத்துக்கு அடியில் இருக்கிறது, பிளாஸ்டிக் உறையோடு. மாரிக்கனி கொல்லைக்குப் போய்க் கொட்டாங்கச்சியை எடுத்துப் பார்த்தாள். மண்ணெண்ணெய் வற்றிப் பிரஷ் குச்சியாக விறைத்திருந்தது. புதுப் பிரஷ் வாங்கிவந்து, பெயிண்ட் டப்பாவில் படர்ந்த ஆடையைக் கிழித்து, பலகைக்கு முன்னால் குத்தவைத்தாள். என்ன எழுதியிருந்தால் அன்றைக்குத் தன் கை நின்றிருக்கும் என்று யோசித்தாள். அடுத்த நாளும் யோசித்தாள்.

பலகை இன்னும் கொல்லைச் சுவரில்தான் சாய்ந்திருக்கிறது. மூன்று விதிகள் முழுதாக இருக்கின்றன. அவற்றுக்குக் கீழே நாலு என்ற எண்ணும், பக்கத்தில் ஒரு புள்ளியும்.