பர்மா உளுந்து இட்லி

சம்பா அறுத்த வயலில் விளைந்த என் உளுந்துக்கு அந்த வருடம் விலையே இல்லை. வரியில்லா வாணிப ஒப்பந்தத்தில் இன்னும் சில நாடுகளைச் சேர்த்துவிட்டார்களாம்; பர்மா உளுந்து கப்பல் கப்பலாக வந்து இறங்குகிறது என்றார் வியாபாரி. அலுத்துப்போய், நேரடியாக விற்றுவிடலாம் என்று மூட்டையோடு கீழ்வேளூரில் நான் வழக்கமாகச் சாப்பிடும் இட்லிக் கடைக்குப் போனேன்.

கடைக்கார அம்மாவின் கைகள் ஆவி பட்டுப் பட்டுச் சிவந்திருந்தன. எந்தத் தானியத்தையும் உள்ளங்கையில் தேய்த்து, ஊதிப் பார்ப்பது அவர் வழக்கம். என் உளுந்தையும் அப்படிப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

"நல்ல உளுந்துங்க. மாவு பொங்கி வரும். ஆனா நீங்க கேக்குற விலைக்கு வாங்குனா கடை ஓடாதுங்க. பர்மா உளுந்துதான் போடுறேன்."

"நீங்களும் விவசாயக் குடும்பம்தானேம்மா?" என்றேன் கோபமாக.

"ஆமாங்க. எங்க வூட்டுக்காரர் வெளைச்ச உளுந்தையே நான் வாங்கல. அதுலேர்ந்து அவரு என்கிட்ட சரியா பேசுறதில்ல. உக்காருங்க, சாப்பிட்டுட்டுப் போங்க."

குறை சொல்ல ஏதாவது அகப்படுமா என்று மென்று பார்த்தேன். இட்லி நன்றாகவே இருந்தது. அவர்மேல் வந்த கோபத்தை யார்மேல் திருப்புவதென்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.